சருகனுக்கு எதிராக

பட்டியல் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. தேவயானி அதைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். அதிகம் பேர் வெறுத்த உயிரினம் முதல் வரியில் இருக்கும். அந்த வரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற தொண்ணூற்றைந்து பெயர்களும் முடிந்திருந்தன; சருகன் இன்னும் வரவில்லை.

'கரம்பை' கைபேசியில் ஆடும் விளையாட்டு. காடு மேடெல்லாம் அலைந்து விநோதமான உயிரினங்களைப் பிடித்துப் பையில் சேர்க்க வேண்டும்; பழக்க வேண்டும்; பிறகு மற்றவர்களின் உயிரினங்களோடு மோதவிட வேண்டும். பெரம்பலூர் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அறையில் மூன்று பேர் நான்கு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வீரமணி அறையின் தலைவர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்து அறையை ஓட்டுபவரும் அவரே. ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் வழியாக இரண்டு பஸ் மாறி வரும் அருள் பிரகாஷ், விளையாட்டை இயங்க வைக்கும் நிரல்களை எழுதுபவன். உயிரினங்களை யோசித்து வரைவது இந்த இருவரும்தான். அவற்றுக்கு வண்ணம் கொடுப்பது தேவயானி.

ஒன்றைத் தவிர. நாற்பத்தோராம் எண்ணை அவளே யோசித்தாள், அவளே வரைந்தாள், அதன் குணத்தையும் அவளே எழுதினாள். அதுதான் சருகன். அது போனால், விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் 'உருவாக்கம்' என்பதன் கீழ் அவள் பெயர் இருக்காது. 'வண்ணம்' என்பதன் கீழ் மட்டும் இருக்கும். சிலருக்கு அது போதும். அவளுக்குப் போதாது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்து மாதமாக மூவாயிரத்து நூற்று நாற்பது பேர் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினொரு பேர் சருகனுக்கு 'வேண்டாம்' என்று போட்டிருந்தார்கள்.

உருவம் பெரிய குற்றமில்லை. கட்டை விரல் அளவு. மங்கிய இளஞ்சிவப்பு. தலையில் காய்ந்த குடுமி. மூடிய கண்கள். கை கிடையாது. பிடித்தவுடன் தூங்கிவிடும். சண்டைக்கு இழுத்தால் கண்ணைத் திறக்கும், ஒரே ஒரு முட்டு முட்டும், அப்படியே அழுகிப் போகும். அதோடு முடிந்தது. ஆனால் தொடாமல் பையிலேயே தொண்ணூறு நாள் விட்டுவைத்தால் அதன் தலை ஆறாகப் பிரியும். அந்த ஆறு தலைச் சருகனை விளையாட்டில் வெல்லக்கூடியவை மூன்றோ நான்கோதான்.

மதியம் வீரமணி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு மூணு மணிக்கு மன்றம். நாப்பத்தொண்ணு. தேவா, ஒனக்கு வழக்கம் தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

வீரமணி ஒரு காலத்தில் கல்லங்குறிச்சித் திருவிழாவிலிருந்து கல்லூரி ஆண்டு விழா வரைக்கும் பட்டிமன்றம் பேசியவர். அந்தப் பழக்கம் அறைக்குள்ளும் வந்துவிட்டது. வெறுக்கப்படும் எந்த உயிரினமானாலும் அதற்கு ஒரு மன்றம் உண்டு. விளையாட்டைத் தொட்டே பார்க்காத ஒருவர் நடுவர். ஆளுக்கு ஆறு நிமிடம். தீர்ப்பு இரண்டுதான்: இருக்கட்டும், போகட்டும். கொஞ்சம் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்ற மூன்றாவது தீர்ப்பை ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அது இருந்த காலத்தில் எதுவுமே போகவில்லை. ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்டு விளையாட்டே கிழிந்த துணி மாதிரி ஆகியிருந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. உருவாக்கியவர் அதைக் காப்பாற்றிப் பேசக் கூடாது. போகட்டும் என்ற பக்கம்தான் பேச வேண்டும். காப்பாற்ற வேண்டியவர் எதிராளி. 'பெத்தவன் புள்ளைய நல்லவன்னு சொல்றதுல என்ன அதிசயம் இருக்கு?' என்பது வீரமணியின் நியாயம். வேண்டுமென்றே சொதப்பித் தோற்றால், அந்தக் கணமே உயிரினம் வெளியே. அருள் ஒருமுறை தன் பனைமர வௌவாலுக்கு எதிராகத் திக்கித் திணறி நடித்தான். இரண்டாவது நிமிடத்திலேயே வீரமணி கரண்டியால் டம்ளரைத் தட்டிவிட்டார். வௌவால் போய்விட்டது.

தேவயானிக்கு நடிக்கும் எண்ணம் இல்லை. தான் முழு பலத்தோடு அடித்தும் நிற்குமானால் சருகன் நிற்கட்டும். நிற்காவிட்டால் அது நிற்கத் தகுந்ததல்ல. இப்படி யோசித்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. கொஞ்சம் பசித்தது.

அவள் புகார்களைத் திறந்தாள். நானூற்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் படித்தாள். நடுவில் அருள் ஏதோ கேட்டான், அவள் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் அது சகஜம். அவள் பேசாமல் இருக்கும்போது வேலை நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

அசிங்கம் என்று எழுதியவர்கள் பதினாறு பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தை வெவ்வேறு கோபத்தில் எழுதியிருந்தார்கள். 'பிடித்தேன், இறக்கினேன், செத்தது.' 'இது எதற்கு?' 'என் நேரம் வீண்.' யாரும் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

"அருளு, ஆறு தலை வந்தவங்க எத்தன பேரு?"

"எதிரணிக்கு நான் ஏன் ஆள் புடிச்சித் தரணும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான். நீயும் எடுத்துக்க."

அவன் முனகிக்கொண்டே தேடினான். "பதினோரு பேரு."

"எந்த ஊரு?"

விளையாட்டில் சேரும்போது எல்லோரும் ஊர்ப் பெயர் கொடுத்திருந்தார்கள். அருள் ஒவ்வொன்றாக வாசித்தான். "பாடாலூர். செட்டிகுளம். இரூர். மறுபடியும் செட்டிகுளம். ஆலத்தூர்..." ஒன்பது பேர் இப்படிப் பக்கத்து ஊர்க்காரர்கள். "மிச்சம் ரெண்டு பேரு ஒட்டன்சத்திரம்." அவன் நிமிர்ந்தான். "எல்லாம் வெங்காயக்காரங்களா இருக்கே."

தேவயானி நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

அவள் ஊர் வாலிகண்டபுரத்துக்கு மேற்கே. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த விஷயம்தான் சருகன். சின்ன வெங்காயத்தை அறுத்தவுடன் அதையே விதையாக ஊன்ற முடியாது. ஊன்றினால் பாதி முளைக்காது, பாதி அழுகும். விதைக்கு ஒதுக்கியதைப் பட்டறையில் போட வேண்டும். கல் அடுக்கி, மேலே தட்டி போட்டு, காற்றுப் புகும்படி பக்கம் கட்டி, தோகை வேய்ந்த சின்னக் குடில். இரண்டு மூன்று மாதம் அங்கே அது உறங்கி எழும். அப்புறம் ஊன்றினால் ஒன்று ஐந்தாகும், ஆறாகும். சருகனின் அட்டையில் அவள் எழுதியிருந்தது ஒரே சொல்: 'தூங்குகிறது'. அதற்கு மேல் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அரிசியைக் களைந்துவிட்டு உலையில் போடு என்று யாராவது எழுதி வைப்பார்களா? வீரமணிக்கும் தோன்றவில்லை, அவர் பாடாலூர். அருளுக்கும் தோன்றவில்லை, அவன் இந்த அறையில் நான்கு வருடம் வெங்காயப் பேச்சோடு சாப்பிட்டவன். வெங்காயம் தெரிந்த மூன்று பேர் கூடி, தெரியாத ஊர் ஒன்று இருக்கும் என்பதையே மறந்திருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து அவள் திரும்பினாள். "நாளைக்கு நீ தோத்துருவ" என்றாள்.

"அதுக்கு ஏன் சிரிக்கிற? ஒன் புள்ளதான சாவப்போவுது?"

"சிரிக்கல."

சிரிப்பு மாதிரிதான் இருந்தது. தன் தவறைத் தானே முதலில் கண்டுபிடித்துவிட்ட ஒருத்தியின் முகம் அது.

சனிக்கிழமை நடுவராக வந்தது கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தனம். நாற்பது வயது இருக்கும். இரூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவர். கடையில் கூட்டம் இல்லாத மூன்று மணியைப் பார்த்து மேலே வந்தார். "ஆதார் ஜெராக்ஸ் யாராச்சும் கேட்டா கொரல் குடுக்கச் சொல்லியிருக்கேன். சீக்கிரம் முடிங்க" என்று சொல்லி, இருப்பதில் நல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

முதலில் நடுவர் அந்த உயிரினத்தைத் தானே பிடித்துப் பார்க்க வேண்டும். அருள் கைபேசியைக் கொடுத்து வழி காட்டினான். தனம் புதரைத் தட்டித் தட்டித் தேடி, கால் மணி நேரத்தில் சருகனைப் பிடித்தார். "அட, குட்டியா இருக்கே!" என்றார். அடுத்த நிமிடமே ஒரு எருமைத் தலையனோடு மோதவிட்டார். சருகன் கண் திறந்தது, முட்டியது, அழுகியது.

"அய்யய்யோ. போச்சா?"

"போச்சுக்கா" என்றார் வீரமணி. டம்ளரைத் தட்டினார். "மன்றம் ஆரம்பம். போகட்டும் அணி."

தேவயானி எழுந்து நின்றாள். கையில் தாள் இல்லை.

"நடுவர் அவர்களே. சருகன் என்னோடது. அதனால அதுமேல என்ன குத்தம்னு என்னைவிட யாருக்கும் தெரியாது. ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு வெறுத்தாங்கங்கிறதுக்காக நான் போகட்டும்னு சொல்லல. வெறுக்கலாம். போன மாசம் லாரித்தூசனுக்கு இங்க மன்றம் நடந்துச்சு. அது அரியலூர் ரோட்டுல சிமெண்ட் லாரி பின்னாடி வர்ற தூசி. வந்தா தெர முழுக்க வெள்ளையாப் போயிடும், ஒண்ணும் தெரியாது. எல்லாரும் திட்டுனாங்க. ஆனா தொடச்சிட்டு வெளயாடுனாங்க. அது எரிச்சல் பண்ணணும்னுதான் செஞ்சது, எரிச்சல் பண்ணுது. அந்த வெறுப்பு அது செய்யிற வேலைக்குக் கெடச்ச கூலி. அதான் அது இருக்கு. சருகன வெறுக்கிறவங்க அது செஞ்சதுக்காக வெறுக்கல. அது என்னன்னே தெரியாம வெறுக்கிறாங்க."

வீரமணி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை.

"பதினோரு பேருக்குத்தான் ஆறு தலை வந்துச்சு. பதினோரு பேரும் வெங்காயம் வெளயிற ஊரு. அதாவது இது விடுகதகூட இல்ல. விடுகதன்னா யோசிச்சாக் கண்டுபுடிக்கணும். இதுல ஏற்கெனவே தெரிஞ்சவங்க ஜெயிக்கிறாங்க, தெரியாதவங்க எவ்வளவு யோசிச்சாலும் தோக்குறாங்க. நம்ம வூட்டுக்குள்ள பேசிச் சிரிக்கிறத மேடையில பேசுன மாதிரி. மூவாயிரம் பேர உக்கார வச்சிட்டு, பதினோரு சொந்தக்காரங்களுக்கு மட்டும் சாப்பாடு போட்டிருக்கேன். போகட்டும்."

தனம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அருள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். "நடுவர் அவர்களே, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு இந்தச் சருகனப் புடிக்காது. தொண்ணூறு நாள எண்ணுறதுக்கு நிரல் எழுதி எழுதி எனக்கு முடி கொட்டிப் போச்சு."

டம்ளர் ஒலித்தது. "முடிய அவைக்குறிப்புலேர்ந்து நீக்குறேன்" என்றார் வீரமணி.

"சரிண்ணே. எதிரணி சொல்றாங்க, தெரியாதவனுக்குப் புரியலையாம். அப்ப என் கல்நத்தையையும் தூக்கிடலாமே? அரியலூர் பூரா ஒரு காலத்துல கடலா இருந்துச்சு, சுண்ணாம்புக் கல்லு தோண்டுற எடத்துல நத்த கல்லாக் கெடக்குதுன்னு எத்தன பேருக்குத் தெரியும்? தெரியாமத்தான் எல்லாரும் அதப் புடிச்சி வச்சிக் கொஞ்சுறாங்க. அடுத்தது, புடிச்ச ஒடனே எல்லாமே சண்ட போடணுமா? தொண்ணூத்தஞ்சு அப்படித்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு தூங்கட்டுமே. கையில கெடச்சத ஒடனே தூக்கி அடிக்காம இருக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு பரிசு இருக்கட்டுமே. பதினோரு பேருன்னாலும் அவங்க பொறுத்தவங்க. இருக்கட்டும்."

"பதில் சொல்ல ஒரு நிமிசம்" என்றார் வீரமணி.

"கல்நத்தைய யாரு புடிச்சாலும் வேல செய்யும்" என்றாள் தேவயானி. "அடிச்சா ஓட்டுக்குள்ள பூந்துக்கும், பாத்தாலே புரியும். கடல் கத தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் சந்தோசம், அவ்வளவுதான். சருகனோட கத தெரியலன்னா சருகன் செத்துப்போவும். அப்புறம், அந்தப் பதினோரு பேரு பொறுமைசாலின்னு யாரு சொன்னது? அவங்க வழக்கமாச் செய்யிறதச் செஞ்சாங்க. பொறுமைங்கிறது தெரியாதவன் காத்திருக்கிறது."

அருள் "நல்லாப் பேசுற" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

தனம் கைபேசியை மறுபடி கையில் எடுத்தார். "நான் இரூருன்னுதான என்னக் கூப்புட்டீங்க? வெங்காயம் தெரியும்னு."

"இல்லக்கா, வெளயாடாதவங்கன்னுதான்..." என்று வீரமணி இழுத்தார்.

"நான் வேதாரண்யம். கட்டிக்கிட்டு வந்ததுதான் இரூரு. எனக்கு உப்பு தெரியும், மீனு தெரியும். வந்த வருசம், அறுத்த வெங்காயம் வூட்டுல மலையாட்டம் கெடக்குது. சும்மாக் கெடக்குதேன்னு கொல்லையில ரெண்டு பாத்தி ஊனுனேன். எங்க மாமியா வாசப்படியில நின்னு பாக்குறாங்க. ஒரு வார்த்த சொல்லல. இருவது நாள்ல பூரா அழுவிப் போச்சு. அப்பயும் ஒண்ணும் சொல்லல, நல்லாச் சிரிச்சாங்க." தனமும் சிரித்தார். "அடுத்த வருசம் எனக்கே தெரிஞ்சுபோச்சு. யாரும் சொல்லித் தரல. பட்டறைய எப்பத் தொறக்குறாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அன்னைக்கித்தான் ஊனுனேன். வந்துச்சு."

அருளின் முகம் மலர்ந்தது. நடுவர் தன் பக்கம் சாய்கிறார் என்று நினைத்தான். தேவயானிக்கும் அப்படித்தான் தோன்றியது. தோற்கப் போகிறோம், சருகன் இருக்கப் போகிறது. நெஞ்சுக்குள் ஒரு பக்கம் இனித்தது, இன்னொரு பக்கம் ஒப்பவில்லை.

"இப்ப இது செத்துடுச்சில்ல," என்றார் தனம் திரையைக் காட்டி. "இன்னொண்ணு எங்க கெடைக்கும்?"

அருள் தேவயானியைப் பார்த்தான். "கெடைக்காதுக்கா. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அது அரிய வகை."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்படின்னு யாரு வச்சது?"

"நான்தான்" என்றாள் தேவயானி. அதன்மேல் இருந்த ஆசையால் வைத்தது. எங்கும் கிடைக்கிறதாக இருந்தால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

தனம் கைபேசியை மேசைமேல் வைத்தார். "அப்பப் போகட்டும். எனக்குத் தெரியாம இருந்தது தப்பில்ல. அழுவுனதும் தப்பில்ல. மறு வருசம்னு ஒண்ணு இருந்துச்சு, அதனாலதான் கத்துக்கிட்டேன். இதுல மறு வருசமே கெடையாது. நீங்க ரெண்டு பேரும் எவ்வளவோ பேசுனீங்க, அத மட்டும் யாரும் பேசல." எழுந்து சேலையைச் சரி செய்தார். "ஆனா பொழைக்க வச்சிருக்காங்க பாரு பதினோரு பேரு, அவங்ககிட்டேர்ந்து புடுங்கிப்புடாதீங்க. பாவம்."

கீழே யாரோ குரல் கொடுத்தார்கள். தனம் போய்விட்டார்.

தேவயானி சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தொண்ணூற்றாறு எண்களும், பெயர்களும், உருவாக்கியவர் பெயர்களும் வரிசையாக இருந்தன.

அருள்தான் முதலில் பேசினான். "அண்ணே, ரெண்டு வரிண்ணே. ஒண்ணுதாங்கிறத எடுத்துட்டா முடிஞ்சுது. பத்து நிமிச வேல. மாத்திட்டா சருகன் பிரமாதம்ணே."

"ஒட்டு" என்றார் வீரமணி.

"ஒரு தடவதானண்ணே."

வீரமணி தேவயானியைப் பார்த்தார். பார்வை இளகியிருந்தது. விதி அவர் போட்டதுதான். அவள் கேட்டிருந்தால் அன்று ஒரு நாளைக்கு அதைக் கண்டும் காணாமல் விட்டிருப்பார். அவள் கேட்பதற்காகவே காத்திருந்தார் என்றும் சொல்லலாம்.

அவள் அதை உணர்ந்தாள். கேட்டு வாங்கினால், பெயர்கள் ஓடும்போது அவள் பெயர் 'உருவாக்கம்' என்பதன் கீழ் இருக்கும். அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சலுகையும் அதோடு சேர்ந்து ஓடும்.

"தீர்ப்பு சரிண்ணே" என்றாள். "நானும் போகட்டும்னுதான பேசுனேன். பொய்யாப் பேசல."

எழுந்து போய்ப் பலகையில் சருகன் என்ற பெயரைத் துணியால் துடைத்தாள். எண்ணை விட்டுவைத்தாள். எண்ணுக்கு எதிரே இருந்த தன் பெயரையும் விட்டுவைத்தாள்.

"அடுத்த சனிக்கெழம, வெளயாட்ட வெளியிடுற சென்னைக்காரங்களுக்குத் தொண்ணூத்தாறும் போயாவணும்" என்றார் வீரமணி. "நாப்பத்தொண்ணுல கல்நத்தைக்கு ஒரு தம்பியப் போட்டுருவோமா அருளு? நெறத்த மாத்தி?"

"போட்டுரலாம்ணே, ஒரு நாள்..."

"நாப்பத்தொண்ணு என்னோடது" என்றாள் தேவயானி.

"வெங்காயத்துக்கே வேற சட்ட போட்டு எடுத்தாந்தா நான் ஒத்துக்க மாட்டேன் தேவா."

"வெங்காயம் இல்ல."

"பின்ன?"

அவள் பலகையில் துடைத்த இடத்தைப் பார்த்தாள். இருவரும் காத்திருந்தார்கள். காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

"தெரியல" என்றாள் கடைசியில். "பொதன்கெழமைக்குள்ள தெரிஞ்சிடும். வந்த பின்னாடி அதுக்கும் மன்றம் வைங்க. அதுக்கு எதிராவும் நானே பேசுறேன்."

வீரமணி கரண்டியால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினார். சரி என்று அர்த்தம்.

தேவயானி ஒரு வெற்று நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கடையில் தனம் யாருக்கோ ரேஷன் கார்டை நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை தேவயானி ஓரமாக நின்றாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோவமாடி?" என்றார் தனம்.

"இல்லக்கா. இந்த ஊருக்கு வந்த புதுசுல, வெங்காயம் தவிர வேற என்னென்ன தப்பாப் பண்ணீங்க?"

தனம் இயந்திரத்தின் மூடியைச் சாத்தினார். "அதையா கேக்குற? ஆடு புடிச்சிக் கட்டுன கத ஒண்ணு இருக்கு. நோட்ட எடு."